சாமுவேலின் ஒரு நிமிஷம்

மஸ்கட்
5.11.1996

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்தது. நாலு பக்கத்தில் மூணேகால் பக்கம் ரப்பர். மிச்சத்தில் எதிர்வீட்டு நாய் குட்டி போட்ட விவரம். கட்டின பொண்டாட்டிக்கு எழுதுகிறோம் என்ற நினைப்பு கையெழுத்துப் போடும்போதுதான் வந்திருக்கும் போல.

போகட்டும். கோயமுத்தூரில் குறுந்தொழில் நண்பர்கள் சங்கம் என்று ஒன்று இருக்கிறது, மாதம் ஒருமுறை அவினாசி ரோட்டு ஓட்டலில் கூடுகிறார்கள், பட்டறைக்காரர்கள் ஒருத்தருக்கொருத்தர் பழகி வேலை பிடிக்கிறார்கள் என்று எழுதியிருக்கீங்க. அதோடு விட்டிருந்தால் நல்ல மனுசன் என்றிருப்பேன். 'நமக்கு அதெல்லாம் ஒத்து வராது' என்று ஒரு வரி வேறு. ஏன் ஒத்து வராது? பத்து வருஷம் அடுத்தவர் பட்டறையில் நின்று படித்த வேலை. நீங்க போடும் ரப்பர் வாஷர் தண்ணியில் ஊறி ஊறியும் உப்புவதில்லை. அது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்து என்ன பிரயோஜனம்?

நான் கிளம்பும்போது பேசினதை மறந்துட வேண்டாம். பட்டறைக்கு மூணு கம்பெனி வேலை நிலையாக வந்துவிட்டால் நான் ஊருக்கு வந்துவிடுவேன். இப்போது இருப்பது ஒரே ஒரு பம்ப் கம்பெனி. அவர்கள் ஒரு மாதம் வேண்டாம் என்றால் நம் மெஷினுக்குப் பூ வைத்து கும்பிட வேண்டியதுதான். ஜூன் மாதம் இங்கே ஆஸ்பத்திரியில் என் ஒப்பந்தம் முடிகிறது.

நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போங்க. மூலையில் போய் நிற்காதீங்க. நாலு பேரிடம் பேசிவிட்டு வந்து எனக்கு எழுதுங்க.

உங்கள்
கயல்


சூலூர்
3.12.1996

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சங்கத்துக்குப் போய்விட்டு வந்தேன். நீலச் சட்டைதான். சிரிக்கமாட்டேன் என்று மனசுக்குள் சத்தியம் செய்துவிட்டு மேலே படி.

அந்த ஓட்டலில் இரண்டு ஹால். ஒன்றில் சங்கம், இன்னொன்றில் கல்யாண ரிசப்ஷன். நான் நுழைந்ததும் பன்னீர் தெளித்து, "வாங்க, வாங்க" என்று ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வரிசையில் நிறுத்திவிட்டார். சங்கத்தில் இவ்வளவு மரியாதையா என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வரிசை நகர்ந்த பிறகுதான் மாலையும் மேடையும் கண்ணில் பட்டன. பின்னால் ஒரு கூட்டமே நிற்கிறது, திரும்ப வழியில்லை. மாப்பிள்ளை கையை நீட்டினார். என் கையில் இருந்தது அன்றுதான் அச்சடித்து வாங்கின விசிட்டிங் கார்டு. அதையே கொடுத்துவிட்டேன். போட்டோவுக்கும் நின்றேன். பந்திக்குக் கூப்பிட்டபோது வெளியே ஓடி வந்துவிட்டேன்.

சரியான ஹாலில் எண்பது பேர் இருக்கும். ஒவ்வொருவராக எழுந்து தான் யார், என்ன செய்கிறார், என்ன வேண்டும் என்று ஒரு நிமிஷத்தில் சொல்ல வேண்டும். நிமிஷம் முடிந்தால் செயலாளர் பாலகோபால் மணியடிப்பார். எனக்கு அவர் அடிக்கவே தேவைப்படவில்லை. பேரையும் ஊரையும் மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் எல்லோருக்கும் கார்டு கொடுத்தேன். பரிமாறுகிறவருக்கும் ஒன்று போய்விட்டது.

நம்ம பக்கத்துத் தோட்டக்காரர் நஞ்சுண்டன் வந்திருந்தார். இப்போது அவரும் ஒரு பம்ப் கம்பெனி நடத்துகிறார். அவராகவே வந்து, "சூலூருங்களா? யாரு ஊட்டுங்க?" என்று ஆசையாகக் கேட்டார். "உங்க தோட்டத்துல பண்ணையத்துக்கு இருந்தாரே வேலுமணி, அவரு பையனுங்க" என்றேன். "அப்படீங்களா. ரொம்ப சந்தோசமுங்க. நல்லாச் செய்ங்க. வாரனுங்க" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பவில்லை. நம் ஊரில் நெருங்கினால் மரியாதை குறையும், விலகினால் கூடும். அன்றைக்கு எனக்கு ரொம்ப மரியாதை கிடைத்தது.

கார்டு வாங்கின யாரும் இதுவரை கூப்பிடவில்லை. உனக்கு அங்கே குளிர் ஒத்துக்கொள்கிறதா? உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
சாமுவேல்


மஸ்கட்
19.12.1996

அன்புள்ள மாமாவுக்கு,

சத்தியத்தை மீறிவிட்டேன். நானும் சிரித்து, என் அறையில் இருக்கும் யாஸ்மினுக்குப் படித்துக் காட்டி அவளும் சிரித்து, பக்கத்து அறைக்காரி கதவைத் தட்டிவிட்டாள். யாஸ்மின் நம் கோயமுத்தூர் உக்கடத்துப் பெண் என்று எழுதியிருந்தேனே. அவளுடைய அண்ணனும் அதே சங்கத்தில்தான் இருக்கிறாராம்.

நஞ்சுண்டன் விஷயத்துக்குச் சிரிக்க முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. எங்கப்பா ஆனைமலைப் பக்கம் தோப்பு வேலைக்குப் போனவர். இந்த மரியாதை எனக்கும் தெரியும். ஆனால் நீங்க அப்பா பேரைச் சொன்னீங்களே, மழுப்பாமல், அது எனக்குப் பிடித்தது.

ஒன்று சொல்கிறேன், கேளுங்க. இங்கே எலும்பு வார்டில் நோயாளியின் கட்டிலுக்குப் போனதும் நான் கயல்விழி, இந்த ஊர், இன்னது படித்தேன் என்று சொல்லிக்கொண்டு நிற்பதில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்பேன். அரபியில் நான் முதலில் படித்ததே அந்த ஒரு கேள்விதான். கேட்டதும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறவர்கூடத் திரும்பிப் பார்ப்பார். அங்கே எண்பது பேரும் தன் பெருமையைத்தானே சொல்லிக்கொண்டிருப்பார்கள். நீங்க போய், "தொழில்ல எங்கங்க தொந்தரவு?" என்று கேளுங்க. கார்டை அப்புறம் கொடுக்கலாம்.

இன்னொன்று. குளிர் ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டிருக்கீங்க. சாப்பாடு கேட்டீங்க, தலைவலி கேட்டீங்க. எப்போது வருவாய் என்று மட்டும் ஒரு கடிதத்திலும் கேட்டதில்லை. சும்மா சொன்னேன்.

உங்கள்
கயல்


சூலூர்
22.1.1997

அன்புள்ள கயலுக்கு,

பொங்கல் நல்லபடியாகப் போனது. ஒரு அதிசயம் நடந்துவிட்டது. அந்தக் கார்டுகளில் ஒன்று வேலை செய்தது. எது என்று நினைக்கிறாய்? மாப்பிள்ளைக்குக் கொடுத்தது!

போன வாரம் மத்தியானம் பட்டறை வாசலில் ஒரு பெரியவர் தாம்பூலப் பையும் பலகாரமுமாக வந்து ஸ்கூட்டரை நிறுத்தினார். "ஏனுங்க, சாமுவேலுங்கறது நீங்கதானுங்களா? கடியாரம் ரொம்ப நல்லாருக்குதுங்க. அன்னைக்கு உங்களைச் சாப்பிட வெக்காம அனுப்பிப்போட்டோம். மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்தான் மாப்பிள்ளையின் அப்பா, வேங்கடசாமி. வந்த பரிசுகளில் ஒரு சுவர்க் கடிகாரத்தில் பேர் இல்லை. பரிசு இல்லாமல் பேர் மட்டும் இருந்தது என் கார்டில். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். கல்யாணத்துக்கு வந்தவர் யாரென்று தெரியாமல் விட்டால் நாளைக்கு அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு எப்படிப் போவது என்று, கார்டில் இருந்த முகவரியைப் பார்த்துக்கொண்டு கோயமுத்தூர் கணபதியிலிருந்து சூலூர் வரைக்கும் வந்திருக்கிறார்.

நான் கடிகாரம் கொடுக்கவில்லை, ஹால் மாறி வந்துவிட்டேன் என்று நடந்ததைச் சொன்னேன். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். "மருமக அப்பவே சொன்னாளுங்க, கார்டைக் குடுத்துப்போட்டு ஒருத்தரு சோறு உங்காம ஓடுனாருன்னு!" என்றார். சாப்பாட்டு நேரம். நான் வைத்த ரசமும் முட்டைப் பொரியலும்தான் இருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டேன். "போடுங்க" என்று உட்கார்ந்துவிட்டார். ரசம் இரண்டாம் தரம் வாங்கினார்.

சாப்பிடும்போது, உன் கேள்வியைக் கேட்டேன். அவர் கிரைண்டர் செய்கிறவராம். "என்னத்தைச் சொல்றதுங்க, மாவு ஆட்டறப்பவே மெஷினு சமையல் ரூமைச் சுத்தி வருதுன்னு பொம்பளைங்க திட்டறாங்க" என்றார். அடியில் இருக்கும் ரப்பர் கால் கொஞ்ச நாளில் இறுகி வழுக்குகிறது. கலவையை மாற்றி நாலு கால் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். கிரைண்டர் அசையவில்லை. இனி அவருடைய எல்லாக் கிரைண்டருக்கும் நம் பட்டறைக் கால்தான். கடிகாரத்தையும் எனக்கே கொடுத்துவிட்டார். நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

நீ போன கடிதத்தில் சும்மா சொன்னது பற்றி. அங்கே பெரிய ஆஸ்பத்திரி, நல்ல சம்பளம். எனக்காக அதை நீ கெடுத்துக்கொள்ளக் கூடாது. உனக்கு எது நல்லதோ அதைச் செய். உன் விருப்பம்தான் என் விருப்பம்.

அன்புடன்
சாமுவேல்


மஸ்கட்
14.2.1997

அன்புள்ள மாமாவுக்கு,

வேங்கடசாமி அண்ணன் நல்லா இருக்கட்டும். அவருக்கு ரசம் போட்டதற்கு உங்களுக்கும் ஒரு கும்பிடு.

மேட்ரன் நேற்று என்னைக் கூப்பிட்டுப் புது ஒப்பந்தத் தாளைக் கொடுத்தார். இன்னும் இரண்டு வருஷம். மே பதினைந்துக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள்.

உன் விருப்பம், உன் விருப்பம் என்று எழுதியிருக்கீங்க. நஞ்சுண்டன் உங்களுக்கு 'ங்க' போட்டாரே, அதேதான் இதுவும். வாசலில் நிற்க வைத்து மரியாதையாக அனுப்புகிற பேச்சு. ஊர் பேர் தெரியாதவரிடம் தொந்தரவு என்ன என்று கேட்கத் தெரிகிறது. எனக்கு இது வேணும் என்று என்னிடம் கேட்டால் குறைஞ்சா போயிருவீங்க?

வேறொன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

கயல்


சூலூர்
17.3.1997

அன்புள்ள கயலுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

இந்த மாதக் கூட்டம் நன்றாகவே நடந்தது. என் ஒரு நிமிஷம் கொஞ்சம் நீண்டுபோனது. முடிந்ததும் ஐந்தாறு பேர் வந்து பேசினார்கள். அதில் நஞ்சுண்டனும் ஒருவர். மறுவாரம் கார் எடுத்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார். பம்பில் தண்ணீர் கசிகிற ரப்பர் சீல் ஒன்றைக் காட்டினார். மாற்றிச் செய்து கொடுத்தேன், ஆர்டர் கொடுத்துவிட்டார். காபி போடட்டுங்களா என்று கேட்டேன். "இப்பத்தானுங்க குடிச்சுப்போட்டு வந்தேன்" என்றார். வாசலில் நின்றபடியே பேசிவிட்டுப் போனார். ஆர்டர் பெரியது. அதனால் ஒன்றும் சொல்வதற்கில்லை.

பழைய கம்பெனி, வேங்கடசாமி, நஞ்சுண்டன். மூன்று ஆகிவிட்டது. நீ போட்ட கணக்கு சரியாகிவிட்டது என்று தெரிவிக்கிறேன். மற்றதைப் பிறகு எழுதுகிறேன். கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே.

அன்புடன்
சாமுவேல்


மஸ்கட்
7.4.1997

அன்புள்ள மாமாவுக்கு,

'என் ஒரு நிமிஷம் கொஞ்சம் நீண்டுபோனது.' எவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கீங்க! யாஸ்மினுக்கு அவள் அண்ணன் போன் செய்தார். சங்கத்தில் இப்படி ஒருத்தர் பேசினார், உன் ரூமில் இருக்கும் பெண்ணோட வீட்டுக்காரராகத்தான் இருக்கும் என்று ஒரு வார்த்தை விடாமல் சொல்லியிருக்கிறார். அவள் எனக்குத் திருப்பிச் சொன்னாள். நீங்களே மறந்திருப்பீங்க, எழுதுகிறேன்.

"எம் பேரு சாமுவேலுங்க. சூலூருல ரப்பர் சாமான் செய்யறனுங்க. எஞ்சம்சாரம் மஸ்கட்டுல நர்ஸா இருக்காளுங்க. மூணு கம்பெனி வேலை கெடச்சா வந்தர்றேன்னு சொல்லீட்டுப் போனாளுங்க. ரெண்டு கெடச்சிருச்சுங்க. நீங்கெல்லாம் லேத்து வேணும், லோனு வேணும்னு கேட்டீங்க. எனக்கு எம்பொண்டாட்டி ஊட்டுக்கு வரோணுமுங்க. ஊட்டுல சத்தமே இல்லீங்க. அவ்வளவுதானுங்க."

பாலகோபால் மணியைக் கையில் வைத்துக்கொண்டு அடிக்காமலே நின்றாராம். அப்புறம் யாரோ கை தட்டினார்களாம்.

யாஸ்மின் சொல்லி முடித்ததும் எனக்கு முதலில் சந்தோஷம் வந்தது. ஐந்து நிமிஷத்தில் கோபம் வந்தது. எண்பது பேருக்குச் சொல்ல முடிந்தது. கார்டு வாங்கிக்கொண்டு கூப்பிடாத ஆட்களுக்கெல்லாம் சொல்ல முடிந்தது. எனக்கு மட்டும் 'கணக்கு சரியாகிவிட்டது என்று தெரிவிக்கிறேன்'. நான் என்ன, ஆடிட்டரா?

ஊட்டுல சத்தமே இல்லை என்பது அடுத்தவர் வாயால் எனக்குத் தெரிய வேண்டுமா, மாமா?

நஞ்சுண்டன் ஆர்டரை நன்றாகவே செய்து கொடுங்க. ஆனால் காபி குடிக்காதவரை நான் மூணில் சேர்க்க மாட்டேன். அது வேலை, அவ்வளவுதான். பழக்கம் என்றால் வேங்கடசாமி அண்ணன்.

தாள் மேஜை மேலேயே இருக்கிறது. நீங்க கேட்டால் ஒன்று, கேட்காவிட்டால் ஒன்று. மே பதினைந்து.

கயல்


சூலூர்
24.4.1997

என் கயலுக்கு,

பழைய பம்ப் கம்பெனி இந்த மாதத்தோடு வேலையை நிறுத்திவிட்டது. நஞ்சுண்டனைச் சேர்த்தால் இரண்டு, உன் கணக்குப்படி ஒன்று. ஆகவே கணக்கைப் பார்த்தால் உன்னைக் கூப்பிட எனக்கு வாய் வரக்கூடாது.

எனக்கு எப்போதும் இந்தப் பயம்தான். கேட்டு, நீ வந்து, நான் உன்னைக் கஷ்டத்தில் வைத்துவிட்டால் என்ன செய்வது என்று. அதனால் விருப்பம், விருப்பம் என்று எழுதினேன். அன்றைக்கு ஹாலில் அவர்கள் யாரும் எனக்காக எதையும் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை, அதனால் சொல்ல முடிந்தது. உன்னிடம் சொன்னால் நீ வந்துவிடுவாய். அதுதான் கை ஓடவில்லை.

இப்போது எழுதுகிறேன். ஒரு நிமிஷம் போதும்.

வந்துரு, அம்மணி. எனக்கு நீ வேணும். ரசம் ஒருத்தருக்கு வைக்கவே வரமாட்டேங்குது, எப்போதும் மிஞ்சிவிடுகிறது. நல்ல ஆர்டர் வந்தால் உன்னிடம் சொல்லப் பத்து நாள் ஆகிறது, கெட்டது நடந்தாலும் பத்து நாள் ஆகிறது. நீ திட்டினாலும் சரி, பக்கத்தில் இருந்து திட்டு. கணக்கு முடியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். கையெழுத்துப் போடாதே. வந்துரு.

உன்
சாமுவேல்


மஸ்கட்
8.5.1997

அன்புள்ள என் மாமாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. உறையில் கனமே இல்லை, பயந்துபோய் டியூட்டி முடியும்வரை பிரிக்காமல் பையில் வைத்திருந்தேன். பிரித்துப் படித்ததும் அழுதுவிட்டேன். யாஸ்மின் ஓடி வந்து, ஊரில் யாருக்கு என்ன ஆச்சு என்றாள். ஒண்ணும் ஆகலை, அவர் கூப்பிட்டிருக்கார் என்றேன். அவளும் உட்கார்ந்து அழுதாள், அவளை யாரும் கூப்பிடவில்லை என்று.

இன்று காலை தாளை அப்படியே மேட்ரனிடம் திருப்பிக் கொடுத்தேன். சம்பளம் போதவில்லையா என்று கேட்டார். போதும், வீட்டில் ரசம் மிஞ்சுகிறது என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. சும்மா சிரித்தேன். ஜூன் கடைசியில் திருவனந்தபுரம் வந்து இறங்குவேன். அங்கே வந்து நில்லுங்க, ரயிலில் சேர்ந்து போகலாம். நீலச் சட்டை வேண்டாம், அதை எண்பது பேர் பார்த்துவிட்டார்கள். வேறு போடுங்க.

பழைய கம்பெனி போனதற்குக் கவலைப்படாதீங்க. கவலையாகத்தான் இருக்கிறது, எனக்கும்தான். ஆனால் நான் சும்மா உட்காரப் போவதில்லை. அடுத்த கூட்டத்தில் உங்கள் ஒரு நிமிஷத்தை எனக்குக் கொடுங்க. எழுந்து நின்று இதைச் சொல்லுங்க.

பேர் கயல்விழி. எலும்பு வார்டு நர்ஸ். கட்டுப் போட்டால் அவிழாது, ஊசி போட்டால் தெரியாது. அரபியிலும் தமிழிலும் எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தெரியும். வேண்டியது ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. பகல் வேலையாக இருக்க வேண்டும், சூலூரிலிருந்து பஸ்ஸில் போய்விட்டு விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்து சேரும்படி.

வேங்கடசாமி அண்ணனிடம் முதலில் சொல்லுங்க, அவர் நம் வீட்டில் சாப்பிட்டவர். நஞ்சுண்டனிடமும் சொல்லுங்க. முழங்கால் வலி வருகிற வயசுதானே அவருக்கு. வந்தால் நானே கட்டுப் போட்டு விடுகிறேன், காபியும் நானே போடுகிறேன். குடிக்கிறாரா பார்க்கலாம்.

எல்லாம் சொல்லி முடித்து, பாலகோபால் மணியடித்தாலும் உட்காராதீங்க. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. போன தடவை எம்பொண்டாட்டி ஊட்டுக்கு வரோணும் என்று கேட்டீங்களே, அவர்களுக்கு விவரம் தெரிய வேண்டாமா?

வாராள் என்று சொல்லிவிட்டு உட்காருங்க.

உங்கள்
கயல்